கலையரசன், கலையரசி... அப்புறம்?

உங்கள் ஊர்ப் பள்ளிக்கூட ஆண்டு விழாவை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். விழுப்புரமோ திண்டிவனமோ, அரசுப் பள்ளியோ மெட்ரிகுலேஷனோ, எதுவாக இருந்தாலும் சரி. வாசலில் பன்னீர் தெளித்து, சந்தனம், குங்குமம், கற்கண்டு நீட்டுவது யார்? பட்டுப்பாவாடை கட்டிய எட்டாம் வகுப்புப் பெண்கள். பெஞ்ச் தூக்கி, சீரியல் செட் கட்டி, மைக் செட்காரருக்குப் பின்னால் ஓடுவது யார்? பையன்கள். சிறப்பு விருந்தினருக்குச் சால்வை போர்த்துபவர் தலைமை ஆசிரியர். அந்தச் சால்வையைத் தட்டில் ஏந்திக்கொண்டு பக்கத்தில் நிற்பது? மறுபடியும் பெண்.

இரு பாலரும் படிக்கிற பல பள்ளிகளில் மாணவர் தலைவர், அதாவது எஸ்.பி.எல்., பையன். துணைத் தலைவர் பெண். அணிவகுப்பில் பையன் முன்னால் கொடி பிடிப்பான். இரண்டடி தள்ளி அந்தப் பெண் நடந்து வரும்.

இப்படித்தான் செய்ய வேண்டும் என்று எந்த அரசாணையும் கிடையாது. ஆனாலும் வருடா வருடம் பிசகாமல் நடக்கிறது. அரசாணை போட்டிருந்தால்கூட இவ்வளவு ஒழுங்காக நடந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

திண்டிவனத்தில் ஒரு தலைமை ஆசிரியரிடம் கேட்டேன். "ஏன் சார், ஒரு வருஷம் பையன்களைப் பன்னீர் தெளிக்கச் சொல்லிப் பாருங்களேன்!"

அவர் சிரித்தார். "நல்லா கேட்டீங்க போங்க. பையன் கையில தட்டைக் குடுத்தா கீழ உக்காந்திருக்கிறவன் எல்லாம் ஓன்னு கத்துவான் சார். அப்புறம் வருஷம் பூரா அவனுக்கு அதான் பட்டப்பேரு."

"சரி, பொண்ணுங்க பெஞ்ச் தூக்கினா?"

"அதுக்குக் கைதட்டுவாங்க."

அவர் நல்ல மனிதர். உள்ளதைச் சொன்னார். இந்த வாரம் நான் உங்களோடு பேச நினைப்பதை இரண்டே வரியில் சொல்லிவிட்டார் என்பது அவருக்கே தெரியாது. பெண் பிள்ளை ஆண் வேலையைச் செய்தால் கைதட்டல். ஆண் பிள்ளை பெண் வேலையைச் செய்தால் கேலி.

நான் பி.காம். படித்தவன். இரட்டைப் பதிவுக் கணக்கில் ஒரு பக்கம் பற்று எழுதினால் மறுபக்கம் அதே தொகைக்கு வரவு எழுதியாக வேண்டும். இல்லாவிட்டால் இருப்பாய்வு டேலி ஆகாது. இந்தக் கைதட்டல் கணக்கு டேலி ஆகவில்லை. ஆண் வேலை உசத்தி, பெண் வேலை மட்டம் என்று யாரோ முதலிலேயே விலை போட்டு வைத்திருக்கிறார்கள். அதனால்தான் இந்தப் பக்கம் வந்தால் லாபம், அந்தப் பக்கம் போனால் நஷ்டம்.

*

இந்த விலைப்பட்டியல் நம் ஊர்ச் சரக்கு மட்டும் இல்லை. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் 'ஹோம்கமிங்' என்று ஒரு விழா உண்டு. மாணவர்களே ஓட்டுப் போட்டு ஒரு ராஜாவையும் ராணியையும் தேர்ந்தெடுப்பார்கள். அட்டைக் கிரீடம், தோள்பட்டையில் ரிப்பன் எல்லாம் உண்டு. பள்ளியிலேயே பிரபலமான பையன் யார், பெண் யார் என்பதற்கான அதிகாரபூர்வ முத்திரை அது.

2011ல் மிச்சிகன் மாநிலத்தின் பிங்க்னி பள்ளியில் ராணியாகத் தேர்வான பெண், அந்தப் பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் விளையாடிக்கொண்டிருந்தவர். ஆட்டத்தின் இடைவேளையில், அதே விளையாட்டுச் சீருடையில், அவர் தலையில் கிரீடம் வைத்தார்கள். அதைக் கழற்றி வைத்துவிட்டுப் போய், பந்தை உதைத்து அணியையும் ஜெயிக்க வைத்தார். அமெரிக்கப் பத்திரிகைகள் கொண்டாடின. சரியாகத்தான் கொண்டாடின.

அதற்கு முந்தைய வருடம், 2010ல், மிசிசிப்பி மாநிலத்தில் இன்னொரு பெண். பள்ளி நடன விழாவுக்குத் தன் தோழியோடு, கோட் சூட் போட்டுக்கொண்டு வருகிறேன் என்றார். பள்ளி நிர்வாகம் விழாவையே ரத்து செய்துவிட்டது! ஆண்களோடு விளையாடலாம். ஆனால் ராஜா ராணி என்ற ஜோடிக் கணக்கில் கை வைக்கக் கூடாது. கைதட்டலுக்கும் ஓர் எல்லை இருக்கிறது பாருங்கள். அதற்குப் பிறகு அங்கே பல பள்ளிகள் ராஜா, ராணி என்ற பிரிவையே எடுத்துவிட்டன. ஓட்டு அதிகம் வாங்கிய இரண்டு பேர், யாராக இருந்தாலும் சரி என்று ஆக்கிவிட்டன.

'நம்மூரில் ஏது சார் ராஜா ராணி' என்கிறீர்களா? இருக்கிறதே!

2022-23 கல்வியாண்டில் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்காகக் கலைத் திருவிழா தொடங்கினார்கள். மனதாரப் பாராட்ட வேண்டிய வேலை. தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டுமே கிடைத்துக்கொண்டிருந்த மேடை, மரக்காணத்துப் பிள்ளைக்கும் மயிலத்துப் பிள்ளைக்கும் கிடைத்தது. நாட்டுப்புற நடனம், ஓவியம், களிமண் சிற்பம், பலகுரல் என்று போட்டிகள். பள்ளி, வட்டாரம், மாவட்டம் என்று ஜெயித்து மாநில அளவுக்குப் போகலாம். அங்கே வெல்பவர்களுக்கு அறிவித்த பட்டம் என்ன தெரியுமா? கலையரசன், கலையரசி.

கலைக்கு எதற்கு அரசன் ஒரு பக்கம், அரசி ஒரு பக்கம்? ஓட்டப் பந்தயத்தில், குண்டு எறிதலில் பிரிக்கிறார்கள், புரிகிறது. உடல் வலு வேறு. களிமண்ணில் யானை செய்கிற கைக்கு ஆண் என்ன, பெண் என்ன?

பெரியவர்களுக்கு இதே அரசு தருகிற பட்டம் கலைமாமணி. அதில் ஆண் மாமணி, பெண் மாமணி கிடையாது. பாரத ரத்னாவில் கிடையாது. சாகித்ய அகாதமியில் கிடையாது. பெர்லின் திரைப்பட விழாவில்கூட 2021 முதல் சிறந்த நடிகர், நடிகை என்று தனித்தனியாகத் தருவதை நிறுத்திவிட்டார்கள். வளர்ந்தவர்களுக்கு ஒரே பட்டம் போதும் என்றால், வளர்கிற பிள்ளைகளுக்கு எதற்கு இரண்டு?

'பிரிக்காவிட்டால் எல்லாவற்றையும் பையன்களே தட்டிக்கொண்டு போய்விடுவார்கள். பெண்களுக்குப் பாதுகாப்பு வேண்டாமா?' என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கவலைதான். ஆனால் 2024 பிளஸ் டூ தேர்வு முடிவைப் பாருங்கள். மாணவிகள் தேர்ச்சி 96.44 சதவீதம், மாணவர்கள் 92.37. ஒரே கேள்வித்தாள், ஒரே திருத்தம். அந்தப் பெண்களுக்குத் துணைத் தலைவி நாற்காலியும் தனிப் பட்டமும் போட்டுக்கொடுத்துத்தான் காப்பாற்ற வேண்டுமா?

பக்கத்துக் கேரளத்தில் பள்ளிக் கலோத்சவத்துக்கு இப்படித்தான் பட்டம் வைத்திருந்தார்கள். பெண்ணுக்குக் கலாதிலகம், பையனுக்குக் கலாபிரதிபா. 1986ல் கலாபிரதிபா ஆனவர்தான் பிற்காலத்தில் நாம் சினிமாவில் பார்த்த வினீத். மஞ்சு வாரியர் கலாதிலகமாக இருந்தவர். பட்டத்துக்காகப் பெற்றோர் சண்டை, மேல்முறையீடு, கோர்ட் கேஸ் என்று நாறிப்போய், 2006 முதல் கிரேடு முறைக்கு மாறினார்கள். ஆண், பெண் சமத்துவத்துக்காக எடுக்கவில்லை. ஆனாலும் பட்டம் போனதால் கலோத்சவம் ஒன்றும் படுத்துவிடவில்லை. இன்றும் ஆசியாவின் மிகப் பெரிய பள்ளிக் கலை விழா என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

*

சரி, அரசன் என்றும் அரசி என்றும் இரண்டு நாற்காலி போட்டால் என்ன கெட்டுப்போகும்? ஒரு பையன் இருக்கிறான். எட்டாம் வகுப்பு. அற்புதமாக ஆடுகிறான். நடையில், கை அசைவில் ஒரு நளினம். அவனை வகுப்பு என்ன பெயர் சொல்லிக் கூப்பிடும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தச் சொற்களை இங்கே எழுத மாட்டேன். அவன் மேடை ஏறினால் விசில் வரும், பாராட்டுக்காக இல்லை. அவன் வெறுமனே பரதம் பிடித்த பையனாக இருக்கலாம். பின்னாளில் திருநங்கையாகத் தன்னை உணர்கிற பிள்ளையாகவும் இருக்கலாம். எப்படியானாலும் அந்த வயதில் அந்தப் பிள்ளை கேட்கிற கேள்வி ஒன்றுதான்: நான் எந்த நாற்காலியில் உட்காருவது?

இந்தக் கேள்வியை விழுப்புரத்தில் வைத்துக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது.

ஒவ்வொரு சித்திரையிலும் கூவாகம் திருவிழாவை ஒட்டி விழுப்புரம் லாட்ஜுகளில் அறை கிடைக்காது. கூவாகம் கிராமம் 2019ல் பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குப் போய்விட்டாலும், மிஸ் கூவாகம் அழகிப் போட்டி விழுப்புரம் நகரத்தில் நடந்துவருகிறது. அமைச்சர்களும் சினிமாக்காரர்களும் அந்த மேடையில் ஏறியிருக்கிறார்கள். திருநங்கைகள் நடந்து வருவார்கள், கேள்விக்குப் பதில் சொல்வார்கள், ஜெயித்தவருக்குக் கிரீடம் சூட்டுவார்கள். மறுநாள் பேப்பரில் கலர் போட்டோ வரும். ஊரே பெருமையாகப் பார்க்கும்.

அந்த மேடைக்கு வருகிறவர்களிடம் எந்த வகுப்போடு பள்ளியை விட்டீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். அல்லது திருநங்கைகள் எழுதிய தன்வரலாறுகளைப் படியுங்கள். லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான் வித்யா' இருக்கிறது. ஆ. ரேவதியின் 'வெள்ளை மொழி' இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பட்ட கேலி தவறாமல் வரும்.

இன்னொரு கணக்கு. 2024ல் பிளஸ் டூ தேர்வை ஏழரை லட்சம் பேருக்கு மேல் எழுதினார்கள். மூன்றாம் பாலினம் என்று பதிவு செய்து எழுதியவர் எத்தனை பேர் தெரியுமா? ஒருவர். அவர் தேர்ச்சியும் பெற்றார். இந்தியாவிலேயே முதன்முதலாகத் திருநங்கையர் நல வாரியம் அமைத்த மாநிலம் இது, 2008ல். மூன்றாம் பாலினத்துக்குச் சட்ட அங்கீகாரமும் கல்வியில் இட ஒதுக்கீடும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2014ல். அதற்குப் பத்து வருடம் கழித்து, ஒருவர்!

மற்ற பிள்ளைகள் எங்கே? சிலர் வேறு அடையாளத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதியிருப்பார்கள். பலர் எட்டாவது, ஒன்பதாவதோடு பையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். பள்ளிக்கூடத்தில் விரட்டிவிட்டு, பத்து வருடம் கழித்து ஒருநாள் கிரீடம் வைக்கிறோம். அந்த ஒருநாள் கிரீடத்தை நான் குறை சொல்லவில்லை. பாக்கி 364 நாளைப் பற்றித்தான் பேசுகிறேன்.

2021ல் என்.சி.இ.ஆர்.டி. திருநங்கை, திருநம்பிப் பிள்ளைகளைப் பள்ளியில் எப்படி நடத்த வேண்டும் என்று ஆசிரியர்களுக்கு ஒரு கையேடு தயாரித்தது. எதிர்ப்பு வந்ததும் சில நாட்களிலேயே இணையதளத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். புத்தகத்தை எடுத்துவிடலாம். வகுப்பில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையை என்ன செய்வது?

*

'இதெல்லாம் ஊர் ஒத்துக்காது சார்' என்பீர்கள். எந்த ஊர்?

செஞ்சிப் பக்கம் வாருங்கள். மேலச்சேரி திரௌபதி அம்மன் கோயிலைத்தான் மூலக் கோயில் என்பார்கள். சுற்றுவட்டாரக் கிராமங்களில் பாரதக் கூத்து ராத்திரி ராத்திரியாக நடக்கும். துகில் உரியும் கட்டத்தில் திரௌபதியாக நிற்பது யார்? மரபாக அது ஆண் கலைஞர். புடவை கட்டி, கொப்பு வைத்து, அவர் கதறும்போது முன்வரிசைக் கிழவிகள் அழுவார்கள். கற்பூரம் ஏற்றிக் கும்பிடுவார்கள். அங்கே விசில் அடித்தால் ஊர் அவனைத் தொலைத்துவிடும்.

இன்னொருவர். 1928ல் விழுப்புரத்தில் பிறந்தவர். பெயர் கணேசன். சின்ன வயதில் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தார். அங்கே பெண் வேடமும் பையன்கள்தான் போட வேண்டும். அவர் போட்ட முதல் வேடம் சீதை. அந்தக் கணேசன்தான் 1959ல் கட்டபொம்மனாக வெள்ளைக்காரனைப் பார்த்துக் கர்ஜித்த சிவாஜி. சீதை வேடம் போட்டதால் அவர் மீசைக்கு ஏதாவது குறை வந்ததா? இன்றைக்கு விழுப்புரத்து எட்டாம் வகுப்பில் ஒரு கணேசன் சீதையாக மேடை ஏறினால் அவனை விட்டுவைப்பார்களா? யோசித்துப் பாருங்கள்.

ஆக, ஊர் ஒத்துக்கொள்ளும். பல தலைமுறையாக ஒத்துக்கொண்டுதான் இருக்கிறது. ஒத்துக்கொள்ளாதது நாம் கட்டி வைத்திருக்கிற பள்ளிக்கூடம்தான்.

செலவில்லாத மூன்று யோசனை சொல்கிறேன். ஒன்று, கலைத் திருவிழாவுக்கு ஒரே பட்டம் போதும், யார் ஜெயித்தாலும். இரண்டு, எஸ்.பி.எல். பதவிக்கு வகுப்புகளில் ஓட்டு. அதிகம் வாங்கியவர் தலைவர், அடுத்தவர் துணை. மூன்று, ஆண்டு விழா வேலைகளைச் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். பன்னீர்ச் செம்பு யாருக்கு, பெஞ்ச் யாருக்கு என்று சீட்டு சொல்லட்டும். முதல் வருடம் சிரிப்பார்கள். அடுத்த வருடம் சிரிப்பு குறையும். மூன்றாம் வருடம் அது 'எங்க ஸ்கூல் வழக்கம்' ஆகிவிடும். வழக்கம் என்பது மூன்று வருடத்தில் உருவாகிற சமாச்சாரம்தான், பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள்.

அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்கிறது. அதில் பெரும்பான்மை பெற்றோர்தான், அதாவது நீங்கள்தான். கழிப்பறை, காம்பவுண்டு சுவர் பற்றிப் பேசுகிறீர்கள், பேச வேண்டியதுதான். அடுத்த கூட்டத்தில் எழுந்து இதையும் கேளுங்கள்: "சார், இந்த வருஷம் எங்க பையன் பன்னீர் தெளிக்கட்டுமே?"

யார் முதலில் சிரிக்கிறார்கள் என்று பார்த்து வையுங்கள். பாடம் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.