எதிரணி சுமந்து வந்த ஹோம் ரன்

பேஸ்பாலில் பந்தை வேலிக்கு அப்பால் அடித்துவிட்டால் மட்டும் ஓட்டம் கிடைத்துவிடாது. அடித்தவர் மூன்று பேஸ்களையும் தொட்டு, புறப்பட்ட ஹோம் பிளேட்டுக்கே திரும்பி வர வேண்டும். கிரிக்கெட் சிக்ஸர் போல நின்ற இடத்திலிருந்தே மட்டையை உயர்த்திக் காட்டிவிட முடியாது. 2022 ஆகஸ்டில் அமேசான் பிரைமில் வந்த 'எ லீக் ஆஃப் தெயர் ஓன்' தொடரின் கடைசி எபிசோடு இந்த விதியின் மேல்தான் நிற்கிறது.

சாம்பியன் பட்டத்துக்கான ஆட்டம். சவுத் பெண்ட் அணியின் ஜோ டி லூக்கா ஹோம் ரன் அடிக்கிறாள். காயம்பட்ட கால் அவளை ஓட விடவில்லை. அவளைத் தாங்கிப் பிடித்து ஒவ்வொரு பேஸாகக் கூட்டிச் செல்பவர்கள் எதிரணியான ராக்ஃபோர்ட் பீச்சஸ் வீராங்கனைகள். அதனால் பட்டத்தையே இழக்கிறார்கள். மிகைக் கற்பனை என்று ஒதுக்க வேண்டாம். 2008இல் அமெரிக்கக் கல்லூரி சாஃப்ட்பால் ஆட்டமொன்றில் முழங்காலில் அடிபட்ட சாரா டுச்சோல்ஸ்கியை எதிரணியினர் இப்படித்தான் சுமந்தார்கள். அவர்களும் தோற்றார்கள்.

ஜோ ஏன் சவுத் பெண்டுக்கு ஆடுகிறாள்? அலச வேண்டியது இதைத்தான். சீசனின் பெரும்பகுதியில் அவள் ராக்ஃபோர்டின் அதிரடி மட்டையாளர். ஆறாவது எபிசோடில் தன்பாலீர்ப்பாளர்கள் ரகசியமாகக் கூடும் மதுக்கூடத்துக்குள் போலீஸ் புகுகிறது. தோழிகள் தப்பிவிட, ஜோ சிக்கி அடிபடுகிறாள். லீக் நிர்வாகம் அவளை வேறு அணிக்குத் தள்ளிவிடுகிறது. பிறகு அதே ஜோதான் பழைய அணிக்கு எதிராக அந்தப் பந்தை வேலி தாண்டி அனுப்புகிறாள். ஓர் அணி தன் சிறந்த மட்டையாளரை அவள் யாரை விரும்புகிறாள் என்பதற்காக இழந்தது. அந்த இழப்பு ஸ்கோர்போர்டில் பதிவானது. பால்புதுமையரின் வேதனையைக் கண்ணீர்க் காட்சியாக்கிய தொடர்கள் ஏராளம். அதை ஆட்டக் கணக்கிலேயே எழுதிக் காட்டிய தொடர் வேறொன்றை நான் பார்த்ததில்லை.

கதை நடப்பது 1943இல். சூயிங்கம் அதிபர் பிலிப் ரிக்லி தொடங்கிய அனைத்து அமெரிக்கப் பெண்கள் தொழில்முறை பேஸ்பால் லீக்கின் முதல் ஆண்டு. குட்டைப் பாவாடை கட்டாயம். உதட்டுச் சாயம் கட்டாயம். பேஸை எட்டச் சறுக்கி விழுந்தால் தொடைத் தோல் உரிந்துவிடும், ஆனாலும் பாவாடைதான். பார்ப்பவர்கள் 'ஆண் மாதிரி இருக்கிறாள்' என்று சொல்லிவிடக் கூடாது என்பதே நிர்வாகத்தின் கவலை. இந்த லீக்கைப் பற்றி 1992இல் பென்னி மார்ஷல் இயக்கிய திரைப்படம் இன்றும் கொண்டாடப்படுகிறது. அதில் தன்பாலீர்ப்புக்கு இடமே இல்லை. தன் பக்கம் வந்த பந்தை அசாத்திய வேகத்தில் திருப்பி எறிந்துவிட்டுப் போகும் ஒரு கறுப்பினப் பெண் சில நொடிகள் வருவாள். அவ்வளவுதான். தொடரை உருவாக்கிய அபி ஜேக்கப்சனும் வில் கிரஹாமும் அந்தச் சில நொடிகளைப் பாதிக் கதையாக வளர்த்திருக்கிறார்கள். தேர்வுக்கு வந்து வாசலோடு விரட்டப்படும் பந்துவீச்சாளர் மேக்ஸ் அப்படிப் பிறந்தவள்தான்.

மேக்ஸாக நடிக்கும் ஷான்டே ஆடம்ஸுக்கே என் முதல் மதிப்பெண். நிறத்தால் ஒரு கதவும் பெண் என்பதால் இன்னொரு கதவும் மூடும்போது அவர் முகத்தை நம்பியிருப்பதில்லை, தோள் பேசுகிறது. பந்து கையில் இருக்கும்போது நிமிரும் அதே தோள், அம்மாவின் முடிதிருத்தகத்தில் குறுகிவிடுகிறது. திருநம்பியான பெர்ட்டியின் வீட்டுக்குப் போய்ப் பழகிய பிறகுதான் அது மெல்ல இளகுகிறது. கேட்சர் கார்சனாக வரும் ஜேக்கப்சனின் நடிப்பு வேறு ரகம். கேட்சர் என்பவர் நம் விக்கெட் கீப்பர் போல. பந்துவீச்சாளருக்கு விரல் சைகையில் ரகசியக் கட்டளை தருபவர். மைதானத்தில் சைகை மொழி தெரிந்த கார்சன், வெளியே தான் காதலிக்கும் சக வீராங்கனை கிரெட்டாவின் சைகைகளைப் படிக்கத் தடுமாறுகிறாள். அந்தத் தடுமாற்றம் துளியும் பொய்யில்லை.

குறையும் உண்டு. மேக்ஸின் கதையும் பீச்சஸின் கதையும் தனித்தனித் தண்டவாளத்தில் ஓடி, அரிதாகவே சந்திக்கின்றன. ஆட்டக் காட்சிகளிலும் வெட்டுகள் அதிகம். ஒரு முழு இன்னிங்ஸின் பதற்றம் நமக்குக் கிடைப்பதில்லை. 1943இல் பட்டம் வென்றது உண்மையில் ரசீன் பெல்ஸ் அணி. அதை மாற்றிக்கொண்டது கதைக்குத் தேவை, மன்னிக்கலாம்.

இந்தக் காலத்து ஆசைகளை அந்தக் காலத்தில் திணித்துவிட்டார்கள் என்று குறை சொன்னவர்களுக்கு மேபெல் பிளேர் பதில் தந்தார். 1948இல் பியோரியா ரெட்விங்ஸ் அணிக்குப் பந்து வீசியவர். தொடர் உருவாகும்போது ஆலோசனை தந்தவர். 2022 ஜூனில், நியூயார்க்கின் டிரைபெக்கா விழாவில் இத்தொடரின் அறிமுகத்தின்போது, தான் தன்பாலீர்ப்பாளர் என்று முதன்முறையாகப் பொதுமேடையில் அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 95.

2023இல், இன்னும் நான்கு எபிசோடுகளோடு தொடரை முடித்துக்கொள்ளலாம் என்றது அமேசான். அதே ஆண்டு ஆகஸ்டில் அதையும் ரத்து செய்தது. இது தவறான முடிவு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இருப்பது எட்டு எபிசோடுகள். நேரமில்லை என்பவர்கள் ஆறாவதையும் எட்டாவதையும் மட்டுமாவது அடுத்தடுத்துப் பாருங்கள்.