அட்டைப்படம் கதையைச் சொல்லிவிடலாமா?
இருண்ட கதைத் தொகுப்புகளுக்குப் படம் தேர்வு செய்வது பற்றி



பள்ளியில் மாணவர் சிறுகதைத் தொகுப்பு கொண்டுவரும் வேலையில் உங்களில் பலர் இருப்பீர்கள். கதைகளைத் திருத்துவோம், தட்டச்சு செய்வோம், ஒற்றுப்பிழை பார்ப்போம், தலைமையாசிரியரிடம் வாழ்த்துரை வாங்குவோம். மாதக்கணக்கில் வேலை நடக்கும். அச்சகத்துக்கு அனுப்புவதற்கு முதல் நாள் இரவு யாராவது ஒருவர் புலனக் குழுவில் கேட்பார்: “அட்டைக்கு என்ன படம் போடுறது?” பத்தே நிமிடத்தில் முடிவாகிவிடும்.

எங்கள் தொகுப்புக்கும் அப்படித்தான் முடிவானது. அந்தப் பத்து நிமிடம் ஒரு மாணவியின் கதையைக் கெடுத்துவிட்டது. கெடுத்தவர்களில் நானும் ஒருத்தி. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பத்து நிமிடத்தில் நடந்தது

படிவம் நான்கு, ஐந்து மாணவர்கள் எழுதிய 14 கதைகள். ‘பயம்’ என்ற ஒரே சொல்லைக் கொடுத்து எழுதச் சொல்லியிருந்தோம். எல்லாரும் பேய்க்கதை எழுதுவார்கள் என்று நினைத்தோம். மூன்று பேர்தான் எழுதினார்கள். மற்றவர்கள் எழுதியது வேறு. ஆலோங்கிடம் அப்பா வாங்கிய கடனுக்காக வீட்டு வாசல்கதவில் சிவப்புச் சாயம் ஊற்றப்பட்ட காலைப்பொழுது. பகடிவதைக்குப் பயந்து கழிவறையில் ஓய்வுநேரத்தைக் கழிக்கும் பையன். பேரனைத் திருடன் என்று நினைத்துக் கதவைத் திறக்க மறுக்கும் பாட்டி.

அட்டைக்கு வந்த படம் என்ன தெரியுமா? மண்டை ஓடு, பின்னால் முழுநிலா, இரத்தம் சொட்டுகிற எழுத்தில் தலைப்பு. குழுவில் ஒருவர் போட்டார், நாங்கள் எல்லாரும் கட்டைவிரல் காட்டினோம். “இந்த மாதிரி போட்டாதான் பசங்க கையில எடுப்பாங்க” என்று ஒருவர் சொன்னார். அது உண்மையும்கூட. புத்தகம் நன்றாகவே போனது.

ஒரு மாணவியின் கதையை மட்டும் இங்கே சொல்கிறேன். வீட்டை விட்டுப் போன அண்ணனுக்காக அம்மா தினமும் ராத்திரி ஒரு தட்டில் சோறு போட்டு மூடி வைக்கிறாள். தங்கை விடியற்காலையில் எழுந்து, அந்தச் சோற்றை யாருக்கும் தெரியாமல் கொட்டிவிட்டுத் தட்டைக் கழுவி வைக்கிறாள், அண்ணன் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனதாக அம்மா நம்பட்டும் என்று. ஒருநாள் விடியற்காலை அவள் மூடியைத் திறக்கும்போது தட்டு ஏற்கெனவே காலியாக இருக்கிறது. கதை அங்கே முடிந்துவிடும்.

யார் சாப்பிட்டது? அண்ணன் வந்தானா? அப்பாவா? மகள் செய்வதைத் தெரிந்துகொண்ட அம்மா, அவளுக்காகத் தானே சாப்பிட்டுவிட்டாளா? முதல் முறை படித்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. 16 வயதுப் பிள்ளை எழுதியது.

புத்தகம் வந்த பிறகு, படித்த மாணவர்களிடம் அந்தக் கதையைப் பற்றிக் கேட்டேன். கிட்டத்தட்ட எல்லாரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: “பேய் சாப்பிட்டுச்சு டீச்சர்.” சிரித்துக்கொண்டே சொன்னார்கள். எழுதியவள் என்னிடம் தனியாக வந்து, “யாரு சாப்பிட்டாங்கன்னு நான் எழுதவே இல்ல டீச்சர். அட்டை சொல்லிடுச்சு” என்றாள். புத்தகத்தை வீட்டில் காட்டவில்லை என்றும் சொன்னாள்.

காஃப்கா எதை வேண்டாம் என்றார்

இந்தச் சிக்கல் நூறாண்டுக்கு மேல் பழையது. பிரான்ஸ் காஃப்காவின் ‘உருமாற்றம்’ உங்களில் பலருக்குத் தெரிந்த கதை. கிரகர் சாம்சா என்ற விற்பனைப் பிரதிநிதி ஒருநாள் காலையில் பூச்சியாக மாறிக் கண்விழிக்கிறான். 1915-இல் இந்தக் கதை புத்தகமாகத் தயாரானபோது, அட்டைக்குப் படம் வரையப்போகிறவர் ஒட்டோமர் ஸ்டார்க்கே என்று காஃப்காவுக்குத் தெரியவந்தது. உடனே பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதினார். பூச்சியை மட்டும் வரைய வேண்டாம், தூரத்தில் தெரிவதுபோலக்கூட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அதற்குப் பதிலாக என்ன வரையலாம் என்றும் சொன்னார்: வெளிச்சமான அறையில் பெற்றோரும் தங்கையும் இருக்க, பக்கத்து இருட்டறையின் கதவு திறந்து கிடக்கலாம்.

ஏன் இவ்வளவு பதறினார்? அவர் பயன்படுத்திய ஜெர்மன் சொல் எந்தக் குறிப்பிட்ட பூச்சியின் பெயரும் கிடையாது. அருவருப்பான ஏதோ ஒன்று என்ற அளவில்தான் அது பொருள் தரும். கரப்பான்பூச்சியா, வண்டா என்று கதை முடிவு செய்யவில்லை. ஓவியர் ஒரு வண்டை வரைந்துவிட்டால் அந்தக் கேள்வி அட்டையிலேயே முடிந்துபோகும். ‘நான் இந்த வீட்டுக்கு வேண்டாதவன்’ என்கிற உணர்வைத் தேடிப் படிக்க வேண்டியவர்கள், ‘ஓ, வண்டுக் கதை’ என்று தொடங்குவார்கள்.

ஸ்டார்க்கே கடைசியில் வரைந்தது இது: வீட்டு அங்கி அணிந்த ஓர் ஆள் இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு நிற்கிறான். அவனுக்குப் பின்னால் ஒரு கதவு சற்றே திறந்திருக்கிறது. உள்ளே கறுப்பு. அந்த ஆளின் நிற்கும் விதம் கொஞ்சம் நாடகப் பாணிதான், எனக்கு அது முழுத் திருப்தி தரவில்லை. ஆனால் அந்தக் கதவு போதும். படிப்பதற்கு முன் பார்த்தால், ‘இவன் ஏன் அழுகிறான்?’ என்று தோன்றும். படித்து முடித்துவிட்டுத் திரும்பப் பார்த்தால், அந்த அறையில் யார் இருக்கிறான் என்று நமக்குத் தெரியும். அப்போது கதவு பயமுறுத்தாது, வலிக்கும்.

நான் கற்றுக்கொண்டது இதைத்தான். அட்டைப்படத்தை வாசகர் இரண்டு முறை பார்க்கிறார், படிப்பதற்கு முன் ஒரு முறை, படித்த பின் ஒரு முறை. நல்ல படம் இரண்டாவது முறை வேறொன்றைச் சொல்லும். எங்கள் மண்டை ஓடு இரண்டு முறையும் ஒன்றையேதான் சொன்னது.

நம் ‘காஞ்சனை’க்கு என்ன படம்?

வெளியூர்க் கதை எதற்கு, நம் புதுமைப்பித்தனையே எடுத்துக்கொள்வோம். 1943-இல் வந்த ‘காஞ்சனை’யில் கதை சொல்கிறவர் ஓர் எழுத்தாளர். வாசலுக்கு வந்த பிச்சைக்காரியை அவர் மனைவி வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். அதன் பிறகு இரவுகளில் வாசனைகள் வருகின்றன. வந்தவள் பேயா, எழுத்தாளரின் மனப்பிரமையா என்று கதை கடைசிவரை தீர்ப்புச் சொல்வதில்லை.

இதற்கு அட்டை வரையச் சொன்னால் பெரும்பாலோர் தலைவிரிகோலமாக வெள்ளைச் சேலைப் பெண்ணைத்தான் வரைவார்கள். வரைந்தவுடன் தீர்ப்பு எழுதியாயிற்று, அவள் பேய்தான். எழுத்தாளர் பாடுபட்டு நடுவில் நிறுத்திய தராசை ஓவியர் ஒரு பக்கமாகச் சாய்த்துவிடுகிறார். இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். அந்தக் கதையில் பயத்தைக் கொண்டுவருவது பெரும்பாலும் வாசனை. அதை எந்த ஓவியரும் வரைய முடியாது. என்னைக் கேட்டால், விளக்கு எரிகிற வீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்து கதை பேசுவதை வரையச் சொல்வேன். அவ்வளவுதான். படித்தவருக்கு அந்தச் சாதாரணக் காட்சியே குளிரெடுக்கும்.

அவருடைய ‘துன்பக்கேணி’ இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலியாகப் போனவர்களின் கதை. அதற்குப் பச்சைப் பசேல் என்ற தேயிலை மலையைப் போடலாமா? போடலாம் என்றுதான் நினைக்கிறேன். படித்த பிறகு அந்தப் பச்சை அழகாகத் தெரியாது. ஆனால் வெறும் மலையை மட்டும் போட்டால் சுற்றுலாத் துண்டறிக்கை ஆகிவிடும். கீழே இறக்கி வைத்த ஒரு கொழுந்துக் கூடையாவது இருக்க வேண்டும். நம் தோட்டத்துக் கதைகளுக்கு வரிசையாகப் பால் மரங்களைப் போடுகிறோமே, அங்கேயும் இதே பேச்சுதான்.

பேய்ப்படம் தப்பே இல்லாத இடம்

மண்டை ஓட்டின் மேல் எனக்குத் தனிப்பட்ட பகை கிடையாது. சிங்கப்பூரில் 1989 முதல் வந்துகொண்டிருக்கும் ரஸல் லீயின் பேய்க்கதைத் தொகுதிகளைப் பாருங்கள். அட்டையே மிரட்டும். அது நேர்மையான அட்டை. பயமுறுத்துவேன் என்கிறது, உள்ளே பயமுறுத்துகிறது.

பேய்க்கதை வேறு, இருண்ட கதை வேறு. பேய்க்கதையில் பயம் வெளியிலிருந்து வீட்டுக்குள் வரும். இருண்ட கதையில் அது ஏற்கெனவே வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும், சாப்பாட்டு மேசையில், அப்பாவின் மோட்டார் சைக்கிள் சத்தத்தில். இதற்கு அதன் அட்டையைப் போடும்போதுதான் பொய் வருகிறது.

பயங்கரமான ஓவியம் வேண்டுமென்றால் உள்ளே போடலாம். எட்கர் ஆலன் போவின் கதைகளுக்கு அயர்லாந்து ஓவியர் ஹாரி கிளார்க் வரைந்த கறுப்பு வெள்ளைப் படங்கள் 1919-இல் புத்தகமாக வந்தன. 1923 பதிப்பில் வண்ணப் படங்களும் சேர்ந்தன. பார்த்தால் தூக்கம் வராது. ஆனால் அவை கதைக்குப் பக்கத்தில் இருக்கின்றன. வாசகர் கதைக்குள் வந்த பிறகுதான் அவற்றைச் சந்திக்கிறார். அட்டைப்படமோ எல்லாக் கதைகளுக்கும் முன்னால் நின்றுகொண்டு பேசுகிறது.

எங்கள் இரண்டாவது அட்டை

பரிசளிப்பு விழாவுக்காக இன்னும் 60 பிரதிகள் தேவைப்பட்டன. இந்தத் தடவை அட்டையை மாற்றினோம். ஆசிரியர்கள் தேடவில்லை. எழுதிய மாணவர்களையே உட்காரவைத்து, ஒவ்வொருவர் கதையிலும் இருக்கும் ஒரு பொருளைச் சொல்லச் சொன்னோம். சாயம் பட்ட பூட்டு, பாட்டியின் சாவிக்கொத்து, கழிவறைத் தாழ்ப்பாள், மூடிய தட்டு. பட்டியலைப் படித்ததும் ஒரு மாணவன் சொன்னான்: “எல்லாமே மூடிதான் டீச்சர் இருக்கு.” அதுவரை எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

கடைசியில் அட்டைக்கு வந்தது ஒரு தூடோங் சாஜி. நம் வீட்டு மேசைகளில் சாப்பாட்டின் மேல் கவிழ்த்து வைப்போமே, அந்த மூடி. காலை வெளிச்சத்தில், ஆளில்லாத மேசையில் இருப்பதை ஒரு மாணவியே தன் கைப்பேசியில் எடுத்தாள். தலைப்பில் ஏற்கெனவே ‘இருட்டு’ என்ற சொல் இருந்தது. அதனால் படம் வெளிச்சமாக இருக்கட்டும் என்று விட்டோம். தலைப்பும் இருட்டு, படமும் இருட்டு, எழுத்தும் இரத்தம் என்றால் மூன்று பேர் ஒரே வசனத்தைப் பேசுவது மாதிரி.

குறை இல்லாமல் இல்லை. பேய்க்கதை எழுதிய மூவருக்கும் வருத்தம். “எங்க கதை இதுல எங்க இருக்கு?” என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அவர்கள் கதைகளுக்கு உள்ளே முழுப்பக்கப் படம் வரைய இடம் கொடுத்தோம். புத்தகம் முன்புபோல வேகமாகவும் போகவில்லை. தட்டுக் கதை எழுதியவள் மட்டும் இந்தத் தடவை இரண்டு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். எதற்கு இரண்டு என்று நான் கேட்கவில்லை.

படம் முடிவாகும் முன் பார்க்க வேண்டியவை

1. படம் கதைகளில் விடை சொல்லாமல் விட்ட கேள்விக்கு விடை சொல்கிறதா? சொன்னால் வேண்டாம்.

2. ஒரு கதையின் உச்சக்கட்டத்தை அட்டையில் போடாதீர்கள். பல கதைகளில் திரும்பத் திரும்ப வரும் பொருளையோ இடத்தையோ தேடுங்கள்.

3. உண்மையான பிள்ளையின் முகம் வேண்டவே வேண்டாம். அடி வாங்கும் சிறுவன் கதைக்கு ஒரு மாணவன் முகத்தைப் போட்டால், ஊர் அவனையே அந்தச் சிறுவனாகப் பார்க்கும்.

4. இணையத்தில் தேடினால் வரும் படம் எல்லாம் நமக்குச் சொந்தமாகாது. மலேசியாவில் 1987 பதிப்புரிமைச் சட்டமும் சிங்கப்பூரில் 2021 பதிப்புரிமைச் சட்டமும் புகைப்படத்தையும் ஓவியத்தையும் காக்கின்றன. கீழே பெயரைப் போட்டுவிட்டால் அனுமதி வாங்கியதாக ஆகிவிடாது. எங்கள் முதல் அட்டையில் இந்தத் தப்பையும் செய்தோம். மாணவர் எடுத்த படமென்றால் அவரிடமும் பெற்றோரிடமும் கேட்டுவிட்டு, பெயரோடு போடுங்கள்.

5. திரையில் அழகாகத் தெரியும் கரும்படம் சாதாரணத் தாளில் அச்சானால் மைக்கறையாகிவிடும். ஒரு பிரதி அச்சிட்டுப் பார்த்துவிட்டு மீதிக்குச் சொல்லுங்கள்.

வகுப்பில் செய்து பார்க்க

ஏதாவது ஒரு சிறுகதையை எடுத்துக்கொண்டு மூன்று படங்களைக் காட்டுங்கள். ஒன்று கதையின் பயங்கரத்தை நேராகக் காட்டட்டும், ஒன்று கதையின் ஒரு பொருளை, ஒன்று கதை நடக்கும் இடத்தை. படிக்கும் முன் ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்துக் காரணத்தை இரண்டு வரியில் எழுதச் சொல்லுங்கள். படித்த பின் மறுபடியும் கேளுங்கள். படத்தை மாற்றியவர்கள் ஏன் மாற்றினோம் என்று சொல்லும்போது, கதைக்கரு, முடிவு, உத்தி என்று நாம் தனித்தனியாக நடத்துகிற பாடம் அவர்கள் வாயிலிருந்தே வரும். மாற்றாதவர்களிடமும் காரணம் கேளுங்கள். எனக்குக் கிடைத்த நல்ல பதில்கள் சில அவர்கள் சொன்னவைதான்.