மஞ்சளும் மறதியும்: ஒரு எலி ஆய்வை வாசிப்பது எப்படி?

"மஞ்சள் சேர்த்துக்கிட்டா அல்சைமர் வராதாமே?" செஞ்சியில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி. ஆதாரமாகக் காட்டப்படுவது, 2001-ல் லாஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம் வெளியிட்ட எலி ஆய்வு.

அல்சைமருக்குக் காரணமான மனித மரபணுவைப் புகுத்திய எலிகளுக்கு, மஞ்சளிலுள்ள குர்குமினைத் தீனியில் கலந்து ஆறு மாதம் கொடுத்தார்கள். குறைந்த அளவு தின்ற எலிகளின் மூளையில் அமிலாய்ட் படிவு 43–50 சதவீதம் குறைந்தது. எல்லாரும் சொல்றது இதை மட்டும்தான்.

சொல்லாமல் விடுவது: அதிக அளவு தின்ற எலிகளிலும் அழற்சியைக் காட்டும் இன்டர்லூக்கின்-1 பீட்டா குறைந்தது, படிவு குறையவில்லை. ஆக, 'அழற்சி தணிஞ்சா நோயும் தணியும்' என்ற கணக்கு அந்த எலியிடமே இடிக்கிறது. தவிர, இவ்வகை எலிக்குப் படிவு வரும். நோயாளிகளுக்கு நேர்வதுபோல நரம்பணுக்கள் பெருமளவில் சாவதில்லை.

2012-ல் வெளியான ஆய்வில் 36 நோயாளிகளில் சிலருக்குப் போலி மருந்து, மற்றவர்களுக்குத் தினம் 2 அல்லது 4 கிராம் குர்குமின். 24 வாரத்தில் பலன் தெரியவில்லை. ரத்தத்தில் சேர்ந்ததே சொற்பம். 36 பேர் சின்ன எண்ணிக்கைதான். ஆனாலும் 'மஞ்சள் குணப்படுத்தும்' என்று சொல்ல இதில் இடமில்லை.

குழம்புல மஞ்சள் இருக்கட்டும். மறதி கூடினா, மாத்திரை டப்பாவை நம்பி மாசக்கணக்கில் தள்ளிப்போடாதீங்க. தைராய்டு, பி12 குறைவால் வரும் மறதியை டாக்டர் சீக்கிரம் கண்டுபிடிச்சா, பெரும்பாலும் சரிசெய்யலாம்.