பழைய கைத்துப்பாக்கியின் மெருகு

மேலப்பாளையத்துக்கு மிக அருகில் இருக்கும் பாளையங்கோட்டையிலே சிறைவைக்கப்பட்டிருந்த, கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை, 1801 பிப்ரவரியில் காவலை மீறித் தப்பிச் சென்று மீண்டும் போர் மூட்டிய வரலாறு நம் ஜில்லாவில் சிறுவர்களும் அறிந்தது. அதற்கு முன்பே, 1799இல் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்ட கையோடு, பாளையக்காரர்கள் ஆயுதங்களை ஒப்படைத்துவிட வேண்டுமென்று கிழக்கிந்தியக் கும்பினியின் மேஜர் பானர்மன் கட்டளை பிறப்பித்தார். ஆகவே அக்காலத்துத் துப்பாக்கிகளைக் காண ஆசைப்படுகிறவர்கள் சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்துக்கோ, தஞ்சை அரண்மனை ஆயுதங்கள் வந்து சேர்ந்திருக்கும் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கோ போவது உத்தமம்.

அங்கே ஒரு பழங் கைத்துப்பாக்கியின் முன் நிற்பவர் முதலில் விசாரிக்க வேண்டியது, அதன் இரும்பில் தெரியும் வர்ணம் செய்தவன் கொடுத்ததா, காலம் கொடுத்ததா, பிற்பாடு எவரோ ஏற்றியதா என்பதுதான். இரும்பைத் துலக்கிப் பளிச்சென்று விடுவதும், அமில நீர் தடவித் துருவேற்றி அத்துருவைத் தேய்த்துத் தேய்த்து மறுபடியும் ஏற்றிப் பழுப்பாக்குவதும், கரிநெருப்பின் சூட்டில் நீலம் வரவழைப்பதும் அந்நாளைய தொழிலாளர் கையாண்ட முறைகள். கும்பினிச் சிப்பாய்களின் ஆயுதங்கள் பெரும்பாலும் பளிச்சென்று துலக்கப்பட்டவையே; ஆதலால் அவற்றில் இன்று படர்ந்துள்ள மங்கலான பழுப்பு வயதின் லட்சணம், ஆனால் குழல் முழுவதும் ஒரே சீராகக் கறுத்திருந்தால் சந்தேகப்படத்தான் வேண்டும்.

பல தலைமுறை மிதித்த வாசற்படி நடுவிலே மட்டும் குழிவதைப் போல, உண்மையான மெருகு, கையும் தோலுறையும் உராய்ந்த இடங்களில் மட்டுமே, அதாவது குழல் முனையிலும் விளிம்புகளிலும் பிடியின் ஓரங்களிலுமே தேய்ந்து, மரத்துக்குள் பதிந்திருக்கும் குழலின் அடிப்புறத்திலும் விசைத்தகட்டின் மறைவான ஓரங்களிலும் அப்படியே தங்கியிருக்கும். மறுமெருகு ஏற்றுகிறவனோ முதலில் உப்புத்தாளால் எல்லாவற்றையும் தேய்க்கிறான். அதனால் கூர்மையான விளிம்புகள் மழுங்கி, திருகாணித் துளைகளைச் சுற்றி இரும்பு பள்ளமாகி, முத்திரைகளின் கோடுகள் ஆழமிழந்து போகின்றன. கும்பினியின் ஆயுதங்களில் முதலில் எழுத்துகள் பொறித்த இதய வடிவ முத்திரையும், 1808ஐ ஒட்டி அதற்குப் பதிலாகக் கிரீடம் ஏந்திய சிங்கமும் இருக்கும். அச்சிங்கத்தின் பிடரி தெளிவாக இல்லாமல், சுற்றியுள்ள உலோகம் மட்டும் புதுப்பொலிவோடு விளங்குமானால், நடந்தது இன்னதென்று தெரிந்துவிடும். துருக்குழிகளின் அடிவரை நிறம் இறங்கியிருப்பதும் அத்தகைய சாட்சியே, ஏனெனில் குழி விழுந்த பிறகல்லவா அந்த நிறம் வந்திருக்க வேண்டும்!

இங்கே நம்மவர் வழக்கம் ஒன்றையும் கருதவேண்டும். ஆயுத பூஜைக்கென்று ஆண்டுதோறும் பித்தளைப் பூண்களைப் புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கி, இரும்புக்கு எண்ணெய் பூசி வைத்த குடும்பத்தில் வஞ்சனை ஏதும் இல்லை. எனினும் அந்தப் பக்தியினாலேயே ஆதி மெருகு கரைந்து போயிருக்கலாம். அப்படித் தேய்ந்த துப்பாக்கியை, கடைக்காரன் நீலமேற்றிப் பளபளக்க வைத்ததைவிட மேலாகவே நான் மதிக்கிறேன்.

மரத்தைப் பார்ப்பவர் விரலால் தடவ அனுமதி பெற்றால் நல்லது. தொழிலாளி முதலில் பொருத்தியபோது, கட்டை உலோகத்தைவிட மயிரிழை உயர்ந்தே நிற்கும். விசைத்தகட்டின் ஓரத்தில் மரம் தாழ்ந்து, உலோகம் விரலில் தட்டினால், அந்தக் கட்டையை எவரோ இழைத்திருக்கிறார்கள்.