அரைப் பேரும் மின்தராசும்

2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. மண்ணுக்குள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு விடை நாளுக்கு நாள் மாறியது. நூற்றுக்கணக்கில் தொடங்கிய எண் நாற்பதுக்கும் கீழே வந்து நின்றது. பறித்த கொழுந்தை அன்றாடம் கிலோக் கணக்கில் எழுதி வைக்கும் ஓர் அமைப்பில், பறித்தவர்களை எண்ணுவது இத்தனை கடினமாயிற்று!

அந்தரங்கம் நடுத்தர வகுப்பாரின் கவலை, ஒற்றை அறையில் குடும்பமே முடங்கும் லயத்தாருக்கு அது எதற்கு என்று நம் அன்பர்கள் சிலர் கேட்கிறார்கள். வரலாற்றை மறந்த கேள்வி இது. துண்டு முறையில் தொழிலாளியின் கடன் ஒரு காகிதத்தில் எழுதப்பட்டது. அக்கடனைத் தீர்க்க முன்வரும் தோட்டத்துக்கே அவர் போக முடியும். தம் வாழ்வைக் கட்டிய அக்காகிதத்தை அவர்களிற் பலரால் வாசிக்கவும் இயலாது. 1921இல்தான் சட்டம் அதை ஒழித்தது.

நம் கதைகள் துரையின் பிரம்பைக் கண்டன, கங்காணியின் அதட்டலைக் கேட்டன. ஏட்டையும் தராசையும் அவ்வளவாகக் காணவில்லை என்பதே என் குறை. ‘ஒரு கூடைக் கொழுந்து’ எழுதிய என்.எஸ்.எம். ராமையாவுக்கு அந்தக் கண் இருந்தது. இன்றைய எழுத்திலோ அந்தரங்கம் என்றால் நகரத்து இளைஞனின் கைபேசியும் களவுபோன புகைப்படமுந்தான்.

இதற்கிடையில் பல தோட்டங்களில் மின்தராசு வந்துவிட்டது. அதை நான் வெறுக்கவில்லை. கணக்கப்பிள்ளையின் கைவரிசையை அது குறைக்கக்கூடும். ஆனால் சாக்குக்கும் ஈரத்துக்கும் வாயால் கழித்தவரோடு ஒரு பெண் சண்டையிடலாம். அக்கழிவைப் பொறிக்குள் முன்கூட்டியே பதித்துவிட்டால் யாரோடு சண்டையிடுவது? நிறை குறைந்தால் அரைப் பேர் என்பது பழைய கதை. புதிய கதை வேறு. அவளுடைய ஒவ்வொரு நாளின் நிறையும் ஒரே இடத்தில் சேரும்போது, நோயுற்ற வாரமும் கருவுற்ற மாதமும் அவள் வாய் திறவாமலே அலுவலகத்துக்குத் தெரிந்துவிடும். அலுவலகத்தைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்?

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தம்மைப் பற்றிய பதிவைப் பார்க்கும் உரிமையை எழுத்தில் ஒப்புக்கொள்கிறது. கொழுந்து மடுவத்தில் நின்று அதைக் கேட்கும் பெண்ணை நம் சிறுகதைகளில் நான் இன்னும் சந்திக்கவில்லை. அவளைக் கொழும்பிலிருந்து யாரும் எழுதித் தரவேண்டியதில்லை. பதுளைப் பாடசாலைகளில் படிக்கும் லயத்துப் பிள்ளைகள் எழுதலாம். தாயின் சம்பளச் சீட்டை மாதந்தோறும் வாசித்துச் சொல்பவர்கள் அவர்கள்தாமே.