தோண்டியவர் எழுதும் புத்தகம்

தொல்லியலாளர் பொதுவாசகருக்காக எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு எகிப்தில் பழைய உதாரணம் ஒன்று உண்டு. துட்டன்காமன் கல்லறையை 1922இல் கண்டறிந்த ஹோவர்ட் கார்ட்டர், அதைப் பற்றி 1923க்கும் 1933க்கும் இடையில் மூன்று பாகங்களில் விறுவிறுப்பாக எழுதினார். ஆனால் துறைக்கு வேண்டிய முழு அகழாய்வு அறிக்கை வரவேயில்லை. 1939இல் அவர் இறந்தபோது மிஞ்சிய குறிப்பட்டைகளும் படங்களும் இப்போது ஆக்ஸ்போர்டின் கிரிஃபித் நிறுவனத்தில் இருக்கின்றன. ஊருக்கெல்லாம் கதை கிடைத்தது, அறிஞர்களுக்கு அட்டைகள்தான் கிடைத்தன.

திருச்சியில் நடந்தது இதற்குத் தலைகீழ். உறையூரில் சென்னைப் பல்கலைக்கழகம் 1965 முதல் 1969 வரை அகழாய்வு செய்தது. கே.வி. ராமனின் அறிக்கை 1988இல் வந்தது, அதுவும் ஆங்கிலத்தில். தன் காலடி மண்ணில் என்ன கிடைத்தது என்று தெரிந்துகொள்ள உறையூர்க்காரருக்கு மேடைப் பேச்சும் விழா மலர்க் கட்டுரையுமே வழி. அங்கே செங்கல் தொட்டி ஒன்று வெளிப்பட்டது. சாயம் தோய்க்கப் பயன்பட்டிருக்கலாம் என்று கருதினார்கள். மேடை ஏறியதும் அந்த 'இருக்கலாம்' உதிர்ந்துவிட்டது. கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் நூலில் வரும், உறையூராகக் கருதப்படும் அர்காருவின் மஸ்லினும், சோழர் தலைநகர்ப் பெருமையும், இந்தத் தொட்டியும் ஒன்றாய்க் கோக்கப்பட்டு, ஐயத்துக்கே இடமில்லாத ஒரு நெசவாலை எழும்பிவிட்டது. தோண்டியவர் தமிழில் எழுதாமல் விட்ட இடத்தைத் தோண்டாதவர் நிரப்பினார். ஆகவே பொதுநூல் எழுதுவது தரக்குறைவு என்று முகம் சுளிக்கும் பேராசிரியர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

அந்த வெற்றிடத்தை வேறு விதமாக நிரப்பியவர் திருச்சிக் கண் மருத்துவர் இரா. கலைக்கோவன். தந்தையார் மா. இராசமாணிக்கனார் சிந்துவெளி, பல்லவர், சோழர் என்று அடுத்தடுத்துத் தமிழில் வரலாறு எழுதியவர். தந்தையின் பெயரிலேயே ஆய்வு மையம் நிறுவிய மகன், மு. நளினி, அர. அகிலா ஆகியோருடன் கோயில் கோயிலாக, குடைவரை குடைவரையாகச் சென்று எழுதினார். தந்தை பெரும்பாலும் அச்சில் வந்த கல்வெட்டுகளை வைத்து ஒரு வம்சத்தின் கதையைச் சொன்னார். மகன் கதையைத் தள்ளிவைத்துவிட்டுச் சுவரின் முன்னால் போய் நின்றார். எந்தத் தூணில் எந்த எழுத்து, எந்தக் கோட்டத்தில் எந்த உருவம், கை எப்படி மடங்கியிருக்கிறது என்று கண்டதைக் கண்டபடி எழுதும் முறை அது. அந்நூல்களைக் கையில் வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போகிறவர், எழுதியவரைச் சரிபார்க்க முடியும். இந்த வசதியைத் தரும் வரலாற்றுநூல் எந்த மொழியிலும் குறைவுதான்.

விலையும் உண்டு. தாங்குதளம், சுவர், கூரை, அளவுகள் என்று பக்கங்கள் அடுக்கிக்கொண்டே போகும்போது, கோயிலுக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்து படிப்பவர் மூன்றாம் பக்கத்திலேயே களைத்துவிடுகிறார். இந்த அடி உயரத்தால் நமக்கு என்ன தெரிகிறது என்ற கேள்விக்குப் பதில் பல இடங்களில் தள்ளிப்போகிறது. சில இடங்களில் வருவதேயில்லை.

கதை சொல்வதற்கும் கண்டதைக் கண்டபடி எழுதுவதற்கும் உள்ள வேறுபாட்டை மலைக்கோட்டையின் மேற்குடைவரை துல்லியமாகக் காட்டும். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்மன் குடைவித்தது அது. மேற்குச் சுவரில் கங்காதரர். பக்கத்துத் தூண்களில் வடமொழிச் சுலோகங்கள். அவற்றில் ஒன்று, மாறான நெறியிலிருந்து திரும்புவதைப் பற்றிப் பேசுகிறது. கல்வெட்டறிஞர் ஹுல்ட்ஷ் 1890இல் அதை வெளியிட்டார். சமணனாக இருந்த மன்னன் சைவனானான் என்று அதற்குப் பொருள்கொள்ளப்பட்டது. அப்பர் வரலாற்றைச் சொல்லும் பெரியபுராணமோ ஐந்து நூற்றாண்டு பிந்தியது. இரண்டையும் இணைத்து, 'அப்பரால் மகேந்திரன் மதம் மாறினான்' என்பதைப் பொதுநூல்கள் பாடப்புத்தகம் வரை கொண்டுபோய்விட்டன. மைக்கேல் லாக்வுட் போன்றோர் அதே சுலோகங்களை வேறாகப் படித்து, கங்காதரர் உருவத்திலேயே மன்னனின் சாயலைக் கண்டார்கள். யார் சரி என்பது இங்கே பேச்சில்லை. இப்படி ஒரு வழக்கு நிலுவையில் இருக்கிறது என்பதையே வாசகருக்குத் தெரிவிக்காத நூல், எவ்வளவு இனிமையாக எழுதப்பட்டாலும், அவரைக் குழந்தையாக நடத்துகிறது. நம் வாசகர் அரசியல் வழக்குகளையே வரிவரியாகப் பின்தொடர்கிறவர், இதைத் தாங்கமாட்டாரா?

இன்னொரு குறை, யாரும் அதிகம் பேசாதது. திருச்சியைப் பற்றிய இவ்வகை நூல்கள் மலைக்கோட்டையிலிருந்து இறங்கி, காவிரியைத் தாண்டித் திருவரங்கத்தில் தங்கிவிடுகின்றன. அங்கே தங்குவதற்குக் காரணம் உண்டு: அக்கோயிலின் கல்வெட்டுகளுக்கு மட்டும் தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையில் ஒரு முழுத் தொகுதியே, இருபத்து நான்காவது, ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் கிழக்கே இருக்கும் பொன்மலைக்கு யாரும் வருவதில்லை. 1753இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய பாறை இங்கேதான். நாகப்பட்டினத்திலிருந்து தென்னிந்திய ரயில்வேயின் பணிமனை 1920களின் இறுதியில் இடம்பெயர்ந்து வந்தது இங்கேதான். 1946 செப்டம்பர் 5 அன்று வேலைநிறுத்தத்தில் ஐந்து தொழிலாளர் துப்பாக்கிக்குப் பலியானதும் இங்கேதான். கல்வெட்டு இல்லாததால் தொல்லியலாளரின் பார்வையில் இது வரலாறாகவே விழவில்லை. பணிமனைக் கொட்டகைகளையும் காலனி வீடுகளையும், குடைவரைத் தூணை அளக்கும் அதே பொறுமையோடு ஒருவர் அளந்து எழுதலாம். வேலைப் பதிவேடுகளும் தொழிற்சங்கத் துண்டறிக்கைகளும் கல்லைவிட வேகமாக அழிகின்றன.