மழைக்கு அஞ்சும் கரிசல்

சிவகாசி அச்சகங்களில் ஆண்டுதோறும் பனி கொட்டுகிறது. தினசரிக் காலண்டரின் அட்டையில் கயிலாயத்துச் சிவன் வெள்ளை மலையில் உட்கார்ந்திருப்பார். மாதக் காலண்டரில் எந்த நாடென்று சொல்லமுடியாத ஒரு மரவீட்டின் கூரைமேல் முழ உயரத்துக்குப் பனி ஏறிக் கிடக்கும். அதை அச்சடித்து, வெட்டி, தகரம் அடித்து அனுப்புகிறவர்களில் பெரும்பாலோர் பனி விழுந்து பார்த்ததில்லை. பங்குனி வெயிலில் எப்போதாவது ஆலங்கட்டி விழுந்தால் தெருப்பிள்ளைகள் பொறுக்கி வாயில் போட்டுக்கொள்வார்கள். வானத்திலிருந்து இறங்கும் ஐஸ் என்று இந்தச் சீமைக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பனிப்புயலில் பிழைத்த கதை குளிர்நாடுகளில் தனியொரு எழுத்துவகையாகவே வளர்ந்திருக்கிறது. 1888 ஜனவரியில் அமெரிக்கப் புல்வெளி மாநிலங்களில், பள்ளி விட்டுத் திரும்பிய பிள்ளைகளைப் பாதிவழியில் மடக்கிய புயலைப் பற்றி, அதில் தப்பியவர்கள் கிழவர்களான பிறகும் கூடிக்கூடிப் பேசினார்கள், எழுதி வைத்தார்கள். 1999 ஜனவரியில் டொராண்டோவில் பனி குவிந்து, மேயர் ராணுவத்தையே கூப்பிட்டது அந்த ஊரில் இன்றும் பேச்சு. தமிழுக்கு இந்த அனுபவத்தைக் கொண்டுவந்தவர்கள் ஈழத்தவர்கள். 1994-இல் இந்திரா பார்த்தசாரதியும் எஸ்.பொ.வும் தொகுத்த ‘பனியும் பனையும்’ புலம்பெயர்ந்தோர் கதைகளின் முதல் பெரிய திரட்டுகளில் ஒன்று. பனிப்புயல் கதைகளைத் தொடர்ந்து படித்தால் எலும்புக்கூடு ஒன்றுதான் என்று தெரியும். கதவு அடைபடுகிறது, வீட்டில் இருக்கிற விறகையும் மாவையும் எண்ணுகிறார்கள், வெளியே போனவன் வந்து சேர்ந்தானா என்பதில்தான் கதை நிற்கும்.

விருதுநகர் வட்டாரத்தில் இதற்கு இணையான நினைவு எது? மார்கழிப் பனியைச் சொல்லமுடியாது. அது இங்கே வரவு. ஐப்பசி, கார்த்திகையில் கரிசல் குடித்துவைத்த ஈரமும் அதற்குமேல் விடியற்காலைப் பனியும் இருந்தால் மல்லியும் கொண்டைக்கடலையும் தேறிவிடும். பனி பெய்யாத மார்கழிதான் சம்சாரிக்குக் கவலை. புயலைச் சொல்லலாமா என்றால், 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு தனுஷ்கோடியை அழித்த புயல் இருக்கிறது. விருதுநகர் தனி மாவட்டமானது 1985-இல்தான். அதுவரை சிவகாசியும் தனுஷ்கோடியும் ஒரே ராமநாதபுரம் மாவட்டம். பாம்பனிலிருந்து போன ரயிலோடு மனிதர்களைக் கடல் கொண்டுபோன அந்த இரவை மாவட்டமே பேசியது. ஆனால் கரிசல்காட்டுக்காரனுக்கு அது செய்தித்தாளில் வந்த சாவு. அவன் தன் வீட்டுக் கதையாகச் சொல்லுகிற பேரிடர் வேறு. அதற்குக் காற்றும் கிடையாது, இரைச்சலும் கிடையாது. வானம் மூன்று வருசம் சும்மா இருந்துவிடும்; அவ்வளவுதான்.

இந்தச் சீமையின் பனிப்புயல் பஞ்சம்தான். ஆனால் அதன் போக்கு நேர் எதிர். பனி மனிதனை வீட்டுக்குள் அடைக்கும், பஞ்சம் வீட்டைவிட்டு விரட்டும். ஆகவே நம்முடைய நினைவுகள் நடைவழியில் கிடக்கின்றன. இந்த வட்டாரத்தின் எழுத்தை இப்படி வைத்துப் பார்த்தால் எது வளமாக எழுதப்பட்டிருக்கிறது, எது விடுபட்டிருக்கிறது என்பது துலங்குகிறது.

தொடக்கம் தாது வருசம். 1876-இல் பருவமழை பொய்த்து 1878 வரை நீண்ட அந்தப் பஞ்சத்தில் தென்னிந்தியாவில் ஐம்பது லட்சத்துக்கும் மேலானவர்கள் செத்தார்கள் என்பது பொதுவான மதிப்பீடு. அரசாங்கத்தின் பக்கத்தில் காகிதம் ஏராளம். பஞ்சத்தைக் கவனிக்க இந்திய அரசு அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலைக்கு வந்த ஆண் ஒருவனுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று கூலியைக் குறைத்ததும், சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் இது உயிரைத் தாங்காது என்று வாதாடியதும் பதிவாகியிருக்கின்றன. பத்திரிகையாளர் வில்லியம் டிக்பி 1878-லேயே இரண்டு பாகம் எழுதி முடித்துவிட்டார். தமிழ்ப்பக்கத்தில் நமக்கிருக்கும் பெரிய ஆவணம் ஓர் எள்ளல் நூல்: வில்லியப்ப பிள்ளையின் ‘பஞ்சலட்சணத் திருமுக விலாசம்’. பஞ்சம் தாங்காமல் சனங்கள் மதுரைச் சொக்கநாதரிடம் போய் முறையிட, அவரோ தன்னால் ஆகாதென்று சிவகங்கை ஜமீன்தாருக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதிக் கொடுக்கிறார். கடவுளே கைவிரித்துவிட்டுக் கடிதம் எழுதும் இந்த யோசனைக்கு ஈடான பஞ்ச எழுத்தை நான் வேறெங்கும் படித்ததில்லை. அதிலும் சனங்கள் ஊரைவிட்டுப் புறப்பட்டுப் போய்த்தான் முறையிடுகிறார்கள் என்பதைக் கவனிக்கவேண்டும்.

நடைவழி என்று சொன்னதற்கு வாய்மொழியிலும் சான்று உண்டு. மழை பிந்தினால் பெண்கள் வீடுவீடாகப் போய் உப்பில்லாத சோறும் கஞ்சியும் வாங்கி மழைச்சோறு எடுப்பார்கள். பாடிக்கொண்டே ஊர் எல்லைக்குப் போய், இனி இந்த ஊரில் பிழைக்க வழியில்லை, பரதேசம் போகிறோம் என்ற பாவனையில் நிற்பார்கள். இன்னொன்று கொடும்பாவி. வைக்கோலில் ஆள் செய்து தெருவெல்லாம் இழுத்து, ஒப்பாரி வைத்துக் கொளுத்துவார்கள். இரண்டும் சடங்கு என்று வகைப்படுத்தி முடித்துவிடுகிறோம். எனக்கு இவை பஞ்சத்தை உடம்பால் திரும்ப நடித்துக் காட்டி நினைவில் வைத்துக்கொள்ளும் ஏற்பாடாகவே படுகின்றன. இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும் பிறகு தேயிலைத் தோட்டங்களுக்கும் கூட்டம்கூட்டமாக நடந்தவர்களின் சீமை இது. ஊர் எல்லைவரை நடந்து திரும்பும் பெண்களின் பாவனைக்குப் பின்னால், திரும்பி வராத நிஜ நடைகள் உண்டு.

நவீன எழுத்துக்கு வந்தால் கி. ராஜநாராயணனிடம்தான் தொடங்கவேண்டும். மழைக்குப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியவன், அங்கும் மழையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று அவர் தன் படிப்பைப் பற்றி வேடிக்கையாகச் சொல்வார். கரிசலில் மழை வேடிக்கை பார்க்கத்தக்க அதிசயம் என்ற உண்மையும் அதற்குள் இருக்கிறது. பிறகு வந்தவர்களின் தலைப்புகளே வெப்பமானியாக ஏறுகின்றன: பூமணிக்கு ‘வெக்கை’ (1982), ச. தமிழ்ச்செல்வனுக்கு ‘வெயிலோடு போய்’, விருதுநகர்க்காரரான இயக்குநர் வசந்தபாலனுக்கு ‘வெயில்’ (2006). எஸ். ராமகிருஷ்ணன் மல்லாங்கிணறுக்காரர். அவருடைய ‘நெடுங்குருதி’ வேம்பலை என்ற ஊரைக் கோடை, காற்றடி, மழை, பனி என்று நான்கு காலங்களாகப் பகுத்துச் சொல்கிறது. பனிக்காலம் கடைசிப் பகுதியாக வந்தாலும், படித்து முடித்தவர் மனத்தில் எரிவது முதல் பகுதியின் கோடைதான் என்பது என் அனுபவம். சோ. தர்மனின் ‘சூல்’ (2019 சாகித்ய அகாதமி) வேறு பாதையில் போகிறது. மழை வராததைக் காட்டிலும் வந்த மழையைத் தேக்கத் தெரியாமல் போன கதை அதில் முக்கியம். கம்மாயைப் பார்த்துக்கொண்ட ஊர், கம்மாயை அரசாங்கத்திடம் கொடுத்துவிட்டு நிற்கிறது. பஞ்சத்தை வானத்தின் கணக்கில் எழுதிவிட்டு ஒதுங்காத நாவல் என்பதால் இந்த வரிசையில் அதற்கு நான் மேலான இடம் கொடுப்பேன். சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ தாது வருசத்தை விரிவாகத் தொட்டது. ஆனால் அதன் நிலம் மதுரை.

இத்தனை வெயிலும் எழுதப்பட்ட இதே நிலத்தில், வெயிலையே முதலாக்கிய தொழில் ஒன்று எழுந்தது. 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று, மறு ஆண்டு சிவகாசியில் தொடங்கினார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கும் பூமி. மானாவாரி வெள்ளாமையை நம்பமுடியாது. வேலைக்கு ஆள் உண்டு. குச்சி காய, மருந்து காய, அட்டை காய வெயிலும் உண்டு. எது சம்சாரியைத் துரத்தியதோ அதுவே தீப்பெட்டி ஆபீசுக்கும், பின்னால் பட்டாசு ஆபீசுக்கும் வசதியானது. இந்தியாவில் வெடிக்கும் பட்டாசில் ஏறத்தாழ 90 விழுக்காடு இந்த வட்டாரத்தில் செய்யப்படுவதாகச் சொல்கிறார்கள். பஞ்சம் தூக்கி எறிந்த சனங்களில் ஒரு பகுதியை ஊரிலேயே நிறுத்திவைத்தவை இந்த ஆபீசுகள்தான். சாத்தூர், வெம்பக்கோட்டைக் கிராமங்களுக்கு விடியுமுன் வந்து ஆள் ஏற்றிய வேன்களும்தான்.

அதோடு வானிலையின் பொருளும் புரண்டுபோனது. அம்மா காட்டு வேலைக்கும் மகள் பட்டாசு ஆபீசுக்கும் போகிற வீட்டில் ஒருத்திக்கு மழை வேண்டும், ஒருத்திக்கு வேண்டாம். வானம் மூடினால் மருந்து காயாது. ஈரம் பட்ட அலுமினியக் கலவை தானாகச் சூடேறும் என்பதால் மழைநாள் மருந்தறையில் கூடுதல் பயம். இடிமழை என்றால் எழுந்து வெளியே போகச் சொல்லிவிடுவார்கள். அன்றைக்குக் கூலி இல்லை, ஏனென்றால் செய்த எண்ணிக்கைக்குத்தான் பணம். தீபாவளியோ ஐப்பசியில் வருகிறது, வடகிழக்குப் பருவமழை பிடிக்கிற அதே நாட்களில். தீபாவளிக்கு முந்தின வாரம் ஊர்ஊராக மழை பிடித்துக்கொண்டால் சரக்கு தேங்கும். தேங்கினால் அடுத்த வருசத்து வேலை சுருங்கும். தாது வருசத்தின் பேத்திகள் மழை வேண்டாம் என்று கும்பிடுகிற நிலை இரண்டு தலைமுறையில் வந்து சேர்ந்தது. கரிசலின் நினைவு வரலாற்றில் இதைவிடப் பெரிய திருப்பம் எனக்குத் தெரிந்து இல்லை.

இதுதான் மிகக் குறைவாக எழுதப்பட்டிருக்கிறது. சிவகாசி எழுத்தில் வந்ததெல்லாம் இரண்டு வாசல் வழியாக. ஒன்று குழந்தை உழைப்பு: சலம் பென்னுர்கரின் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ (1990) ஆவணப்படம், எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தந்த தீர்ப்பு. மற்றொன்று விபத்து: 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் ஏறத்தாழ நாற்பது பேர் இறந்தது, 2021 பிப்ரவரியில் அச்சங்குளம். முதலிப்பட்டியில் செத்தவர்களில் பலர் அங்கே வேலை செய்தவர்கள் அல்லர். புகையைப் பார்த்து உதவிக்கு ஓடிவந்த சுற்றுவட்டாரத்து ஆட்கள். இவை எழுதப்படவேண்டியவை, எழுதப்பட்டன. ஆனால் வெடிக்காத நாட்கள்தானே அதிகம்? அந்த நாட்களின் வெயிலும் மூட்டமும் இலக்கியத்துக்குள் வரவில்லை. தமிழ்ச்செல்வன் கதையிலிருந்து சசி எடுத்த ‘பூ’ (2008) படத்தின் மாரி, பட்டாசு ஆபீசுக்குப் போகிறவள். அவளுடைய வெயிலும் காதலும் கச்சிதமாக வந்திருக்கின்றன. அவள் ஒரு மழைநாளைச் சம்பளமில்லாமல் எப்படிக் கடத்துவாள் என்பது அந்தக் கதையின் அக்கறை இல்லை. வேறு எந்தக் கதையின் அக்கறையாகவும் அது ஆகவில்லை என்பதுதான் என் குறை. மேலே பெயர் சொன்ன எழுத்தாளர் எல்லாரும் ஆண்கள், மருந்துக் கையோடு வீடு திரும்புகிறவர்களில் பெருந்தொகையினர் பெண்கள் என்பதையும் சேர்த்தே யோசிக்கவேண்டும்.

விடுபட்ட அந்த நாட்களுக்கு மிக அருகில் வந்தவர் மேலாண்மை பொன்னுச்சாமி. ஐந்தாம் வகுப்போடு நின்றவர், மேலாண்மறைநாட்டில் சிறிய கடை வைத்திருந்தவர். ‘மின்சாரப்பூ’வுக்கு 2007-இல் சாகித்ய அகாதமி விருது வாங்கியவர். அவர் கதைகள் சில நேரம் பிரசங்கமாகிவிடுகின்றன. முடிவு என்னவாகும் என்று பாதியிலேயே தெரிந்துவிடும். ஆனாலும் கடன் சொல்ல வருகிற பெண் எந்த வாசகத்தில் தொடங்குவாள், கடைக்காரன் எந்த இடத்தில் கணக்கைப் புரட்டுவான் என்பதெல்லாம் மேசைக்கு அந்தப் பக்கம் நின்றவருக்கே தெரியும். 2017-இல் அவர் காலமானார். அவர் அறிந்த கடைக்கணக்கே ஓர் ஆவணம்தான். பனிப்புயல் நாட்டுக்காரர்களுக்கு நாட்குறிப்பு இருக்கிறது. இங்கே அந்த இடத்தில் இருப்பது மளிகைக்கடைப் பற்று நோட்டு. ஐப்பசி, கார்த்திகைப் பக்கங்களில் வரவு நின்று பற்று மட்டும் ஓடும் வரிகளில், எந்தெந்த நாள் வானம் மூடியது என்பதைப் படித்துவிடலாம். ஆபீசில் அட்வான்ஸ் வாங்கிய தேதியும் அதற்கடுத்த வரியில் இருக்கும். வாய்மொழி வரலாறு சேகரிக்கும் கல்லூரித் துறைகள் பாளையங்கோட்டையிலும் மதுரையிலும் இருக்கின்றன. வெம்பக்கோட்டை, ஆலங்குளம், ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துப் பழைய கடைகளில் அந்த நோட்டுகளை வருசம் முடிந்ததும் பொட்டலம் மடிக்கக் கிழித்துவிடுவார்கள். மிச்சம் இருப்பதை அந்தத் துறையினர் கேட்டு வாங்கி, கணக்கில் பெயர் இருக்கும் பெண்களை உட்காரவைத்து அந்த வாரங்களைப் பற்றிப் பேசச் சொல்லலாம்.